அன்றிரவே எழுதியது



1830ஆம் ஆண்டு மே 18 அன்று சென்னையிலிருந்து ஒரு பெரிய பரிவாரம் காசிக்குக் கிளம்பியது. அதன் தலைவர் ஏனுகுல வீராசாமி, சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலைமை துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். வயது 50. குடும்பத்தார், பணியாட்கள், பல்லக்குத் தூக்கிகள் என்று உடன் வந்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது. திருப்பதி, கடப்பை, ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் பிரயாகை, காசி, கயை போனார்கள். அங்கிருந்து கல்கத்தா. பிறகு கடலோரமாகவே புரி, விசாகப்பட்டினம், நெல்லூர் என்று இறங்கி 1831 செப்டம்பர் 3 அன்று ஊர் வந்து சேர்ந்தார்கள். பதினைந்தரை மாதம். இந்தியாவில் முதல் பயணி ரயில் ஓட இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

அந்தக் காலத்தில் தள்ளாத வயதில் காசிக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். வழியெல்லாம் எழுதிக்கொண்டே போனவர் என்பதால்தான் வீராசாமி நம் கைக்குக் கிடைக்கிறார். தெலுங்கில் எழுதினார். கோமளேஸ்வரன்பேட்டையில் இருந்த நண்பர் சீனிவாசப் பிள்ளைக்காக எழுதினார். அடுத்த ஊர் எவ்வளவு தூரம், பாதை மணலா கல்லா, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடிகிறதா, கடையில் என்ன சாமான் கிடைக்கிறது, தங்கத் திண்ணை உண்டா, சுங்கச் சாவடியில் என்ன கேட்கிறார்கள், கிழக்கிந்தியக் கும்பினியார் புண்ணிய தலங்களில் வாங்கும் யாத்திரை வரி எவ்வளவு என்றெல்லாம் ஓயாமல் குறித்தார். நடுநடுவே சாதி, சமயம், ராஜாங்கம் பற்றி அவருடைய சொந்த அபிப்பிராயங்களும் வரும். 1836இல் அவர் காலமானார். 1838இல் சீனிவாசப் பிள்ளை அந்தக் குறிப்புகளை ‘காசி யாத்திரை சரித்திர’மாக அச்சேற்றினார். திகவல்லி வேங்கட சிவராவ் பதிப்பித்து 1941இல் மீண்டும் வந்தது.

இன்று அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள்? பெரும்பாலும் கிணற்றையும் கடையையும் சுங்கச் சாவடியையும்தான். அபிப்பிராயங்களில் பாதி, அவர் காலத்துக் கனவான்கள் எல்லாரும் சொல்லக்கூடியவை. ஆனால் ரயிலுக்கு முந்தைய தக்காணப் பாதையில் நூறு பேருக்குச் சோறாக்க எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று சொல்ல அவரைப் போல ஆள் இல்லை.

இன்றைய பேச்சின் விஷயம் இதுதான். ஓய்வு பெற்றபின் நெடும்பயணம் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 60 வயது ஆணுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதம் என்று ரயில்வே கொடுத்துவந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் காசி வண்டியில் நரைத்த தலைகளுக்குக் குறைவில்லை. போய் வந்தவர்களில் பலருக்கு எழுதவும் ஆசை. எழுதியதைப் படித்தால் பத்தில் எட்டு ஒரே மாதிரி இருக்கிறது. கால்வலி, மூட்டுவலி, சர்க்கரை எல்லாம் பயணத்துக்கு இடைஞ்சலாக இருக்கலாம். எழுத்துக்கு இடைஞ்சல் வேறு. அறுபது வருஷமாகச் சேர்த்துவைத்த கருத்துகள் கைவசம் தயாராக இருப்பதுதான் அது. இருபது வயதுக்காரன் ஒரு ஊரைப் பார்த்தால் விழிக்கிறான். அறுபது வயதுக்காரர் பார்த்ததும் தீர்ப்புச் சொல்கிறார்.

இதற்கு மிகப் பெரிய எழுத்தாளரே சாட்சி. ஜான் ஸ்டைன்பெக் 1960 செப்டம்பரில், 58ஆவது வயதில், தன் நாட்டைத் திரும்பவும் பார்த்துவர வேண்டும் என்று கிளம்பினார். டிரக்கின் முதுகில் படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய ஒரு சின்ன வீடு. அதற்கு டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரான ரோசினான்டே என்று பெயர் வைத்தார். துணைக்கு சார்லி என்ற நாய். உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது, இதயத்தில் கோளாறு. சுமார் 10,000 மைல் சுற்றிவந்து எழுதிய ‘டிராவல்ஸ் வித் சார்லி’ 1962இல் வெளியாகிச் சக்கைப்போடு போட்டது. அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது.

அந்த நூலில், வடக்கு டகோட்டாவில் ஆலிஸ் என்ற ஊருக்கு அருகே அவர் வண்டியை நிறுத்தி இரவு தங்குகிறார். அங்கே ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியர் வசனம் பேசிப் பிழைக்கும் நடிகர் ஒருவரைச் சந்திக்கிறார். அருமையான உரையாடல். ஐம்பது ஆண்டுகள் கழித்து பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் போய்த் தேதி தேதியாகச் சரிபார்த்தார். அந்த இரவில் ஸ்டைன்பெக் அங்கே இல்லை. முந்நூறு மைலுக்கு அப்பால், அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில், பீச் என்ற ஊரின் மோட்டலில் இருந்தார். காட்டிக்கொடுத்தது அன்று அவரே மனைவிக்கு எழுதிய கடிதம். தனிமையில் வண்டியிலேயே கழித்ததாகத் தோன்றும் பயணத்தின் பல நாட்கள் விடுதிகளிலும் மனைவியோடும் கழிந்தவை என்பதும் தெரியவந்தது. 2012இல் வந்த பொன்விழாப் பதிப்பின் முன்னுரையே, இதை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம் என்று வாசகரை எச்சரிக்கிறது.

ஸ்டைன்பெக் பொய்யர் என்று சொல்வது இங்கே நோக்கமில்லை. நாவலாசிரியர்; கை சும்மா இருக்காது. ஆனால் ஏன் அப்படி ஆனது என்று யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. அமெரிக்கா என்ன ஆகிவிட்டது என்பதற்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. வழியில் கிடைத்த மனிதர்கள் அந்தப் பதிலைச் சரியாகச் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் தனியாக வரும் வயதானவரிடம் அதிகம் பேர் பேசவும் மாட்டார்கள். ஆகவே பேசக்கூடியவர்களை அவரே உண்டாக்கிக்கொண்டார் என்று தோன்றுகிறது. மோட்டலில் எழுதிய அந்தக் கடிதத்துக்கு இலக்கியத்தில் இடமில்லாமல் போகலாம். ஆனால் அன்றைய இரவைப் பற்றி நம்பத்தக்க சாட்சி அது ஒன்றுதான்.

அன்றன்று எழுதியதே நல்ல சாட்சி என்பதற்கு எதிர்வழக்கும் உண்டு, அதையும் கேட்டுவிட வேண்டும். பேட்ரிக் லீ ஃபெர்மர் என்ற ஆங்கிலேயர் 1933 டிசம்பரில், 18 வயதில், ஹாலந்துக் கடற்கரையிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நடக்க ஆரம்பித்தார். அந்தப் பயணத்தின் முதல் நூல் வந்தது 1977இல். அப்போது வயது 62. இரண்டாவது 1986இல், 71 வயதில். மூன்றாவது அவர் இறந்த பிறகு 2013இல். நாம் பேசுவது முதுமையில் போவது பற்றி. இவர் முதுமையில் எழுதியவர். முதல் நோட்டு மியூனிக்கில் மூட்டையோடு களவு போனது. பிற்பாடு எழுதிய ஒரு நாட்குறிப்பை ருமேனியாவில் ஒரு பண்ணை வீட்டில் விட்டுவிட்டுப் போருக்குப் போனார். அது அவர் கைக்குத் திரும்பியது 1965இல்.

நினைவையும் கற்பனையையும் நாற்பது ஆண்டுப் படிப்பையும் குழைத்து அவர் எழுதிய உரைநடை அபாரமானது. ஆங்கிலப் பயண இலக்கியத்தில் அதற்கு நிகர் சொல்வது கடினம். ஆனால் மூன்றாவது நூலின் கடைசிப் பகுதியாக, ஆதோஸ் மலை மடங்களில் தங்கியபோது எழுதிய பழைய நாட்குறிப்பைப் பதிப்பாசிரியர்கள் சேர்த்திருக்கிறார்கள். முதிர்ந்த எழுத்தாளரின் நடையும் 20 வயதுப் பையனின் நடையும் ஒரே அட்டைக்குள் கிடக்கின்றன. பையனிடம் அலங்காரம் இல்லை. அலுப்பு உண்டு, பசி உண்டு, மழை உண்டு. முன்பகுதியில் மலையே பேசுகிறது என்றால் இங்கே நனைந்த காலுறை பேசுகிறது. கலை என்று கேட்டால் முன்பகுதி. நடந்தது என்ன என்று கேட்டால் பின்பகுதி. லீ ஃபெர்மர் அளவுக்கு எழுத வருகிறவர்கள் குறிப்பேடு இல்லாமலே போகட்டும், தடுப்பவர் யார்?

மற்றவர்களுக்கு உதவக்கூடிய மாதிரி என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் பெர்னார் ஒலிவியேயைக் காட்டலாம். பிரெஞ்சுப் பத்திரிகையாளர், 1938இல் பிறந்தவர். மனைவி இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். 60 வயதில் ஓய்வு கிடைத்ததும், அடுத்து என்ன என்ற கேள்வி அவரைப் பயமுறுத்தியது. முதலில் பாரிசிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தலத்துக்கு நடந்தார். அது போதவில்லை. 1999 மே மாதம் இஸ்தான்புல்லிலிருந்து சீனாவின் ஷியான் நகரை நோக்கிப் பழைய பட்டுப் பாதையில் கிளம்பினார். சுமார் 12,000 கிலோமீட்டர். ஒரே மூச்சில் முடியாது என்று தெரியும். நான்கு ஆண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்.

அவர் தனக்கு விதித்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு கிலோமீட்டரையும் வண்டியில் கடப்பதில்லை. யாராவது கட்டாயப்படுத்தி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனால், மறுநாள் ஏறிய இடத்துக்கே திரும்பி வந்து அங்கிருந்து நடப்பார். அனதோலியாவில் ஆடு காக்கும் கங்கால் நாய்கள் துரத்தின. ஒரு கிராமத்தில் தங்க இடம் கேட்டதற்கு, சந்தேக ஆள் என்று படையினரிடம் பிடித்துக் கொடுத்தார்கள். பக்கத்துக் கிராமங்களில் படுக்கை விரித்துச் சோறு போட்டார்கள். ஈரான் எல்லையை நெருங்கும்போது கடுமையான வயிற்றுக்கடுப்பு. நடக்க முடியாமல் விழுந்து, ஆம்புலன்சில் கொண்டுபோகப்பட்டார். முதல் ஆண்டு அத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டு, விழுந்த அதே இடத்துக்கு வந்து, அங்கிருந்து கிழக்கே நடந்தார். 2000இல் சாமர்கண்ட், 2001இல் துர்ஃபான், 2002இல் ஷியான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி, அவர் எழுதிய வேகம். முதல் பாகம் 2000இல் வந்துவிட்டது, இரண்டாவது 2001இல், மூன்றாவது 2003இல். கோடையில் நடை, குளிர்காலத்தில் எழுத்து. முதல் பாகத்தை எழுதும்போது, ஷியான் போய்ச் சேருவோமா என்று அவருக்கே தெரியாது. போய்ச் சேர்ந்தவர் எழுதினால் எல்லா இடைஞ்சலும் வெற்றிக்குப் படியாக மாறிவிடும். நாய் துரத்தியதுகூடப் பின்னால் ஒரு பாடம் ஆகிவிடும். ஒலிவியேயின் முதல் பாகத்தில் அது நடக்க வழியே இல்லை. கடுப்பு வந்து விழுந்தவர் விழுந்தபடியே புத்தகத்தை முடிக்கிறார். மூன்றில் அதுதான் உயிருள்ளது என்பது இந்தப் பேச்சாளரின் அபிப்பிராயம். நடையின் பலன் புத்தகத்தோடு நிற்கவுமில்லை. வழக்குகளில் சிக்கிய சிறார்களைச் சிறைக்குப் பதிலாக வெளிநாட்டில் ஏறத்தாழ மூன்று மாதம் நெடுந்தூரம் நடக்கவைக்கும் ‘சேய்’ என்ற அமைப்பை 2000இல் தொடங்கினார். நூல் வருமானத்தை அதற்குக் கொடுத்தார். விட்டுப்போன மேற்குத் துண்டான லியோனிலிருந்து இஸ்தான்புல் வரையிலான சுமார் 3,000 கிலோமீட்டரை 75 வயதை ஒட்டி, துணைவியோடு நடந்து முடித்தார்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. முதியவர்களின் பயணக் கட்டுரைகளில் உடம்பு ஒன்று ஒளிந்துகொள்கிறது, இல்லாவிட்டால் புலம்புகிறது. ஐரிஷ் எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபி இரண்டையும் செய்யவில்லை. நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டு 30 வயது வரை வீட்டில் கிடந்தவர். 1963இல் சைக்கிளிலேயே இந்தியா வந்தார். 70 வயதில் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் சைக்கிள் ஓட்டப் போனார். வழியில் ரயிலிலேயே காலில் அடிபட்டது. சைக்கிள் திட்டம் போயிற்று. வீட்டுக்குத் திரும்புவார் என்று நினைத்தால், பைக்கால்–ஆமூர் ரயில் தடத்தில் மெதுவாகப் போகும் வண்டிகளில் ஏறி, அறிமுகமில்லாதவர்களின் சமையலறைகளில் நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்து பேச்சுக் கேட்டார். சோவியத் காலம் முடிந்து வேலையும் மானியமும் போன அந்த ரயில் நகரங்களின் கதை அவருக்கு அப்படிக் கிடைத்தது. சைக்கிள் ஓடியிருந்தால் தாண்டிப் போயிருப்பார். 2005இல் வந்த அந்த நூலின் தலைப்பிலேயே விபத்து இருக்கிறது. 2011இல், 80 வயதை நெருங்கும்போது, காசாவில் ஒரு மாதம் தங்கி அதையும் எழுதினார்.

நம் நாட்டில் அம்ரித்லால் வேகட் இருந்தார். ஜபல்பூர் ஓவிய ஆசிரியர், சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் படித்தவர். 1977இல், 50ஐ நெருங்கும் வயதில், நர்மதையை வலம்வர ஆரம்பித்தார். 1,312 கிலோமீட்டர் ஓடும் ஆறு. இரண்டு கரையும் சேர்த்தால் அதன் இரட்டிப்புக்கும் மேல். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் துண்டு துண்டாக நடந்தார், கோட்டோவியம் போட்டார், குஜராத்தியிலும் இந்தியிலும் தானே எழுதினார். அவர் தூங்கிய கரைகளும் அடுப்பு மூட்டிய கிராமங்களும் சில பிற்பாடு அணைகளின் நீருக்குள் போயின. அன்று யார் வீட்டில் என்ன மாவில் ரொட்டி சுட்டார்கள் என்று அவர் எழுதிவைத்த வரிகளுக்குப் பின்னால் இன்று ஊரே இல்லை. 2004இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார். 75 வயதை ஒட்டி மனைவியையும் அழைத்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் முதுமைக்கால நெடும்பயணம் என்றால் இன்று பெரும்பாலும் பிள்ளை வீட்டுக்கு, பெண் வீட்டுக்கு அமெரிக்கா போவது. வருகை விசாவில் ஒரு தடவைக்கு வழக்கமாக ஆறு மாதம் கொடுக்கிறார்கள். ஆறு மாதம் என்பது சுற்றுலா இல்லை, குடியிருப்பு. ஸ்டைன்பெக் மொத்த நாட்டையும் சுற்ற எடுத்துக்கொண்டதைவிட அதிகம். அப்படிப் போய் வந்தவர்கள் எழுதுவது என்ன? சாலை சுத்தம், வரிசையில் நிற்கிறார்கள், ஹாரன் அடிப்பதில்லை, நயாகரா பிரமாண்டம். இவையெல்லாம் விமானம் ஏறும் முன்பே தெரிந்தவை.

அவர்கள் வாழ்ந்துவிட்டு எழுதாமல் விடுவது எவ்வளவோ. ஆறு மாத மாத்திரையைக் கணக்குப் போட்டு, மருத்துவர் சீட்டோடு பெட்டியில் அடுக்குவது ஒரு கலை. பழைய நோய்களுக்குக் காப்பீடு செல்லுமா என்று பொடி எழுத்தில் தேடுவது ஒரு கவலை. எட்டு மணிக்கு மகனும் மருமகளும் காரில் போனபின், நடைபாதையே இல்லாத புறநகர்த் தெருவில், கார் ஓட்டத் தெரியாத இரண்டு பேர் மாலை வரை என்ன செய்கிறார்கள்? பூங்காவில் அதே மாதிரி வந்த தெலுங்கு அப்பாவும் குஜராத்தி அம்மாவும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? பேரன் ஆங்கிலத்தில் கேட்டதற்குப் பாட்டி தமிழில் சொன்ன பதில், அதில் அவனுக்கு எட்டியது எவ்வளவு? நாற்பது வருஷம் தன் சமையலறையை ஆண்டவர் இன்னொருத்தியின் அடுப்பில் புகை எச்சரிக்கைக் கருவி அலறாமல் தாளிக்கக் கற்றுக்கொள்ளும் கதை, எந்த அமெரிக்க எழுத்தாளராலும் எழுத முடியாதது.

ஏன் எழுதுவதில்லை? ஒன்று, இதெல்லாம் எழுதத்தக்க விஷயமா என்ற கூச்சம். வியன்னாவின் ஈடா ஃபைஃபருக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. பிள்ளைகள் இருவரையும் ஆளாக்கிவிட்டு, 1842இல், 44 வயதில், தன்னந்தனியாகப் புனித பூமிக்குப் போனவர் அவர். அந்தக் காலத்தில் அது கிழ வயது. தனியாகப் போக அந்த வயதே ஒரு காப்பு என்று நம்பினார். நாட்குறிப்பு தனக்காக எழுதியது. பதிப்பாளர் வற்புறுத்திய பிறகே கொடுத்தார்; 1844இல் பெயர் போடாமல் வெளிவந்தது. அந்த வருமானத்தில் ஐஸ்லாந்து போனார். அப்புறம் உலகையே இரண்டு முறை சுற்றினார். முதல் சுற்றில் இலங்கை, கல்கத்தா, காசி, டெல்லி, பம்பாய் எல்லாம் பார்த்தார். பெர்லின் புவியியல் சங்கம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது.

இன்னொரு காரணம், யாருக்கு எழுதுகிறோம் என்பது தெரியாதது. ஊர் உலகத்துக்கு எழுத உட்கார்ந்தால் கை தானாகவே பொதுக் கருத்துக்குப் போய்விடும். வீராசாமிக்கு அந்தச் சங்கடம் இல்லை. கோமளேஸ்வரன்பேட்டைப் பிள்ளைவாள் ஒருநாள் இதே வழியில் காசிக்குப் போகக்கூடும். தண்ணீர் எங்கே உப்பு என்று அவருக்குத் தெரிய வேண்டும். கேட்கிற ஆள் கண்முன் இருந்தால் வளவளப்பு குறைந்து தகவல் கூடுகிறது. நண்பரோ, தங்கையோ, அடுத்த வருஷம் இதே பயணம் போகவிருக்கும் எதிர்வீட்டுக்காரரோ, ஒருவர் போதும். அவருக்கு அன்றன்று ஒரு பக்கம். வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பினாலும் சரி, அழித்துவிடாமல் வைத்திருந்தால். ஊர் திரும்பியபின், குளிர்காலம் நமக்கு இல்லாவிட்டாலும் மழைக்காலம் இருக்கிறது. உட்கார்ந்து எடுத்துக் கட்டலாம்.

இந்த அவையில் அடுத்த மாதம் கிளம்புகிறவர்கள் சிலராவது இருப்பார்கள். முதல் பக்கத்துக்கு நயாகரா வரை காத்திருக்க வேண்டாம். குடியேற்ற அதிகாரி எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், உங்கள் ஆங்கிலம் அவருக்குப் புரிந்ததா, ஊறுகாய் பாட்டிலை என்ன செய்தார்கள், வெளியே பேத்தி உங்களை முதலில் அடையாளம் கண்டுகொண்டாளா இல்லையா என்பதை அன்றிரவே எழுதி, விடியும் முன் அந்த ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். எப்படியும் நேர மாற்றத்தில் தூக்கம் வராது.